அப்பளமாகிப்போன பில்லர் கவர்

சென்ற மார்ச் மாதத்தில் ஒரு நாள், எங்கள் காரின் பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் எங்கோ அறுந்துவிட்டதால் அதைச் சரிசெய்ய ஒரு பணிமனைக்குக் கொண்டுபோயிருந்தேன். ஒயர் போகும் வழியைப் பார்ப்பதற்காக அங்கே வேலை செய்யும் பையன், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே தூண்போல நிற்கும், சீட் பெல்ட் இறங்கும் நடுபில்லரின் பிளாஸ்டிக் கவருக்கு அடியில் தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்து ஒரு நெம்பு நெம்பினான். ‘பட்’டென்று ஓசை கேட்டது. உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று அவன் கையில் இருந்தது. மீதிக் கவர் பில்லரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. “பழைய வண்டி அக்கா, பிளாஸ்டிக்கெல்லாம் அப்பளமாயிடுச்சு” என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அப்பளம் என்று தெரிந்த பிறகு அதை அப்பளத்தைப் போலத்தானே எடுக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை. அந்தத் துண்டை ஒரு செய்தித்தாளில் மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று தொடங்கிய வேலை ஏறக்குறைய ஒன்பது மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்துகொண்டிருக்கிறது. அதில் நான் கற்றுக்கொண்டதை, பழைய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வண்டி 2001-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி ஜென். ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த அப்பா, அல்சூரில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில் வாங்கியது. 2016-இலும் 2021-இலும் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கிறோம். என்ஜினும் கியரும் இன்றும் குறை சொல்ல முடியாதபடி ஓடுகின்றன. ஜென்னின் உற்பத்தி 2006-இல் நின்றுவிட்டது. அதே பெயரோடு பின்னால் வந்த எஸ்டிலோ முற்றிலும் வேறு வண்டி என்பதால் அதன் உட்பாகங்கள் எதுவும் இதற்குப் பொருந்தா. கால் நூற்றாண்டு வெயிலில் நின்ற பிளாஸ்டிக் முறுகுவது எந்த நிறுவனத்தின் வண்டிக்கும் நேர்வதுதான். அதற்காகத் தயாரித்தவர்களைக் குறை சொல்ல நியாயம் இல்லை.

உடைந்த அன்று மாலை நான் செய்த முதல் வேலை, காரின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பாகத்தையும் விரல் நகத்தால் மெல்லத் தட்டிப் பார்த்ததுதான். இடப்பக்கத்துப் பாகங்கள் ‘தொப் தொப்’பென்று மந்தமாக ஒலித்தன. வலப்பக்கத்துப் பாகங்கள் காய்ந்த தேங்காய் ஓட்டைத் தட்டினாற்போல ‘டக் டக்’கென்றன. ஈரத்துணியால் துடைத்தபோது வலப்பக்கத்துக் கவர்களிலிருந்து சாம்பல் நிறப் பொடி துணியில் ஒட்டி வந்தது. இடப்பக்கத்தில் அப்படி எதுவும் வரவில்லை. காரணம் புரியச் சற்று நேரமாயிற்று. எங்கள் வண்டி பதினெட்டு ஆண்டுகளாக ஒரே திறந்தவெளியில் தெற்குப் பார்த்து நிற்கிறது. அப்படி நின்றால் வலப்பக்கம் மேற்கு. ஒவ்வொரு நாளும் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து பொழுது சாயும்வரை அடித்த வெயிலெல்லாம் ஓட்டுநர் பக்கத்துக் கதவிலும் பில்லரிலும்தான் விழுந்திருக்கிறது. இடப்பக்கத்தில் காலை வெயிலைப் பக்கத்து வீட்டுச் சுவர் பெரும்பாலும் மறைத்துவிடும். ஒரே நாளில், ஒரே அச்சில் வார்த்த இரண்டு கவர்களின் வயது இன்று ஒன்றல்ல என்பதை அந்தத் துணிதான் எனக்குக் காட்டியது.

பெங்களூர் குளிர்ந்த ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்; காற்றுக்கு அது பொருந்தலாம், வெயிலுக்குப் பொருந்தாது. இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உயரம் கூடக்கூடப் புற ஊதாக்கதிரின் வலுவும் கூடும். காரின் முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. அந்தப் படலம் புற ஊதாக்கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. கதவுக் கண்ணாடிகள் அப்படியல்ல. அவை சூடேற்றி உறுதியாக்கிய ஒற்றைத் தகடுகள். புற ஊதாக்கதிரில் ஏ வகை எனப்படும் நீண்ட அலையில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். இதனால்தான் முன்கண்ணாடிக்கு நேர் கீழே கிடக்கும் டேஷ்போர்டைவிடப் பக்கத்துப் பில்லர்களும் கதவின் மேல்விளிம்பும் முதலில் பொடியாகின்றன. டேஷ்போர்டைத் தின்பது வேறு: வெப்பம். மூடிய கார் வெயிலில் நின்றால் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். பக்கக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமே என்று கேட்கத் தோன்றும். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்த பிறகு அப்பா ஒரே நாளில் எல்லாவற்றையும் உரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வலப்பக்கம் வேகமாக வெளுக்கத் தொடங்கியது என்பது என் ஊகம்.

இனி, ‘பிளாஸ்டிக்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உடைந்ததை ஒட்டுவதா, உருக்குவதா, மாற்றுவதா என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. ஒரு காரின் உள்ளே குறைந்தது நான்கு ஐந்து வகைப் பிளாஸ்டிக்குகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முதுமை அடைகிறது. ஏபிஎஸ் என்பதில் அடி விழுந்தால் தாங்குவதற்காக நுண்ணிய ரப்பர்த் துகள்களைக் கலந்திருப்பார்கள். வெளிச்சமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் முதலில் தாக்குவது அந்த ரப்பரைத்தான். ரப்பர் செத்த பிறகு மிஞ்சுவது கண்ணாடி போன்ற விறைப்பு மட்டுமே. பாலிபுரொப்பிலீனின் மூலக்கூறுச் சங்கிலி ஆக்சிஜனால் ஆங்காங்கே அறுபடும். அதைத் தடுக்கத் தொழிற்சாலையிலேயே காப்புப் பொருள்களைச் சேர்த்திருப்பார்கள், ஆனால் அவை வங்கியில் போட்ட பணத்தைப் போல. எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு சிதைவு மிக வேகமாக நடக்கிறது. பல ஆண்டுகள் நன்றாக இருந்த பாகம் இரண்டே கோடையில் பொடிந்துவிட்டதாகப் பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். டேஷ்போர்டின் மேல்தோலாக வரும் பிவிசியில் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் வெப்பத்தில் மெல்ல ஆவியாகி வெளியேறுகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் எத்தனை முறை துடைத்தாலும் திரும்பத் திரும்பப் படியும் அந்த மங்கலான பிசுக்கில் ஒரு பங்கு டேஷ்போர்டிலிருந்து போன அந்த மென்மைதான்.

எந்தப் பாகம் எந்த வகை என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. கழற்றிய கவரைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே பிபி என்றோ ஏபிஎஸ் என்றோ ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். பிபி-டி20 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீனில் 20 விழுக்காடு டால்க் தூள் கலந்திருக்கிறது என்று பொருள். எழுத்து இல்லாத பழைய பாகமானால், வெளியே தெரியாத ஒரு பின்விளிம்பில் அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்துச் சில நொடிகள் அழுத்திப் பாருங்கள். ஏபிஎஸ் ஆக இருந்தால் அந்த இடம் பிசுபிசுக்கும், பஞ்சு நூல்கள் ஒட்டிக்கொள்ளும். பிபி ஆக இருந்தால் ஒன்றும் நடக்காது. தண்ணீரில் போட்டு மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்று ஒரு வழியைச் சொல்வார்கள். தூய பிபிக்கு அது சரிதான். டால்க் கலந்த பிபியும் மூழ்கிவிடலாம் என்பதால் நான் அதை நம்புவதில்லை. எங்கள் வண்டியில் உடைந்த பில்லர் கவர் பிபி என்று தெரிந்தது. கதவின் உள் கைப்பிடியைச் சுற்றியிருக்கும் கிண்ணம் ஏபிஎஸ்.

பாகங்கள் தேடி அலைந்த கதைக்கு வருகிறேன். முதலில் போக வேண்டிய இடம் நிறுவனத்தின் உதிரிபாகக் கவுண்டர்தான். பழைய வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது என்று முடிவுகட்டிப் போகாமல் இருப்பது தவறு. பாக எண்ணோடு போனால் அவர்கள் கணினியில் எந்த ஊரின் கிடங்கில் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். சுசுகி வண்டிகளின் பாக எண்ணில் கடைசியாக வரும் மூன்று எழுத்துகள் நிறத்தைக் குறிப்பவை. அந்த மூன்றையும் சேர்த்து எழுதிக்கொண்டு போகாததால் முதல் முறை எனக்கு வடிவம் சரியாக, நிறம் தவறாக ஒரு பாகம் வந்து சேர்ந்தது. கிளிப்புகள் எல்லாமே புதிதாகக் கிடைத்தன, பின்கதவின் ஒரு கைப்பிடிக் கிண்ணமும் கிடைத்தது. பில்லர் கவர் இல்லை.

ஜே.சி. ரோட்டில் ஒரு முழு நாள் சுற்றினேன். அங்கே சீட் கவர், மேட், விளக்கு என்று எல்லாம் மலைமலையாக இருக்கின்றன, ஆனால் 24 வயது வண்டியின் உள்கவரைக் கேட்டால் கடைக்காரர்கள் சிவாஜிநகரைக் கைகாட்டுகிறார்கள். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படி எங்களுக்குச் சிவாஜிநகர். நம் ஊரில் காயலான் கடை என்பதை இங்கே குஜிரி என்பார்கள். பெங்களூர்த் தமிழர்கள் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் புழங்குவோம். ஒரு கடையின் பின்கட்டில் கதவுகள் புத்தகங்களைப் போல அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முதியவர் ஒருவர் சாக்கு மூட்டையைக் கவிழ்த்து, “பாரும்மா, எது உன் வண்டிதுன்னு நீயே எடுத்துக்கோ” என்றார். ஜென்னின் பில்லர் கவர்கள் மட்டுமே ஏழோ எட்டோ இருந்தன. நான் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு முனையைப் பிடித்து மிக மெல்ல வளைத்துப் பார்த்தேன். இரண்டு கவர்களில் வளைந்த இடத்தில் உடனே வெள்ளைக் கோடு விழுந்தது. அவற்றைக் கீழே வைத்துவிட்டேன். “ஏம்மா, வாங்குறதுக்கு முன்னாடியே உடைக்கிறியா?” என்று கேட்டார். “இல்ல பாய், எங்க கவர் இப்படித்தான் உடைஞ்சது. வெயில் படாததா ஒண்ணு வேணும்” என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, உள்ளே போய் வேறொரு கவரைக் கொண்டுவந்தார். “இது பேஸ்மென்ட்ல நின்ன வண்டி. ஒரு டாக்டரம்மாது. பெயின்ட்கூடப் போகாம வந்துச்சு.” தட்டிப் பார்த்தேன், ‘தொப்’ என்றது.

இந்த இடத்தில் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குஜிரியில் வாங்கும் பாகம் உங்கள் பாகத்தின் வயதுதான். அதை வாங்கி மாட்டுவதால் வண்டிக்கு வயது குறைந்துவிடாது. அது எந்த நிழலில் நின்றது என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஆகவே பேஸ்மென்டில் நின்ற வண்டி, கராஜில் நின்ற வண்டி, பள்ளத்தில் விழுந்து முன்பக்கம் மட்டும் நசுங்கி இளம்வயதிலேயே குஜிரிக்கு வந்த வண்டி ஆகியவற்றின் பாகங்களையே தேட வேண்டும். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், விரிசல் விட்ட உங்கள் சொந்தக் கவரைப் பின்னாலிருந்து ஒட்டி வலுப்படுத்துவது, வெயிலில் காய்ந்த இன்னொரு கவரைக் காசு கொடுத்து வாங்குவதைவிட நல்லது. உடைந்த துண்டுகளை ஒருபோதும் எறியாதீர்கள். நானும் வெள்ளைக் கோடு விழுந்த இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டேன்; அவை எதற்கு உதவின என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கழற்றும் வேலைதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. பெரும்பாலான பாகங்கள் உடைவது வெயிலில் அல்ல, கழற்றும்போதுதான். முறுகிய பிளாஸ்டிக் குளிர்ந்திருக்கும்போது கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. காலை ஏழு மணிக்குச் சுறுசுறுப்பாக வேலையைத் தொடங்குவது இதற்கு ஆகாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை ஒரு மணி நேரமாவது வெயிலில் நிறுத்தி, உள்ளே கை வைத்தால் இதமான சூடு தெரியும்படி ஆன பிறகே தொடங்குவேன். வெயில் இல்லாத நாளில் தலைமுடி உலர்த்தும் டிரையரால், கிளிப் இருக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு நிமிடம் சூடேற்றுவேன். பெயின்ட் உரிக்கப் பயன்படும் ஹீட் கன் வேண்டவே வேண்டாம். அது நொடியில் வளைத்துவிடும். நெம்புவதற்கு நைலான் பட்டைகள் ஒரு தொகுப்பாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கிளிப்புக்கு நேர் அருகில் நுழைத்து, வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். கிளிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி நெம்பினால் அந்த ஒரு சாண் பிளாஸ்டிக்தான் சுமையைத் தாங்கும், அது தாங்காது. ஏர்பேக் உள்ள வண்டியானால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே பில்லர் பக்கம் கை வைக்க வேண்டும். எங்கள் ஜென்னில் ஏர்பேக் இல்லை என்பதால் அந்தக் கவலை எனக்கு இருக்கவில்லை.

ஸ்க்ரூக்களைப் பற்றி ஒரு சொல். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளின் கூட்டல் குறி ஸ்க்ரூ, நம் வீட்டில் இருக்கும் பிலிப்ஸ் டிரைவருக்குப் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் அதன் பள்ளம் சற்றே வேறு வடிவம். பிலிப்ஸ் டிரைவர் அதில் நழுவி மேலேறித் தலையைத் தேய்த்துவிடும். ஜிஸ் (ஜப்பானியத் தர அளவு) என்று கேட்டு வாங்கினால் சரியான டிரைவர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிறது. அதை வாங்கிய பிறகு ஒரு ஸ்க்ரூவும் எனக்குத் தேயவில்லை.

கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கும் கைப்பிடியைக் கழற்றுவதை முதலில் பார்க்கும்போது வித்தை போலத் தோன்றும். அதில் ஸ்க்ரூவே கிடையாது. கைப்பிடிக்கும், கதவின் உட்பக்கத்தை மூடும் பலகையான கதவு பேடுக்கும் நடுவே, குதிரை லாடம் போன்ற சிறிய கம்பி ஒன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய பனியன் துணியை நீளவாக்கில் கிழித்து, கைப்பிடிக்குப் பின்னால் அந்த இடுக்கில் நுழைத்து, இரண்டு முனைகளையும் கையில் பிடித்துத் தயிர் கடைவது போல மாறி மாறி இழுத்தால், துணி கம்பியின் முனையில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். கம்பி எங்காவது தெறித்து ஓடிவிடும் என்பதால் நான் கைப்பிடியைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொள்வேன். இதைச் சொல்லிக் கொடுத்தவர் அப்பாதான். அவர் 1980-களில் ஓர் அம்பாசிடரை வைத்துக் கற்றுக்கொண்டாராம்.

அவசரத்தின் விலையை நானும் கொடுத்திருக்கிறேன். பின்கதவின் கை இழுக்கும் பிடியில் ஒரு சிறிய சதுர மூடி இருந்தது. அதற்குள் ஒரு ஸ்க்ரூ இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் கதவு பேடை இழுத்தேன். எல்லாக் கிளிப்பும் கழன்ற பிறகும் அந்த ஓரம் மட்டும் வரவில்லை, இன்னும் கொஞ்சம் இழுத்தேன், பேடின் பின்புறத்தில் ஸ்க்ரூ ஏறும் பிளாஸ்டிக் தூண் அடியோடு முறிந்தது. அன்றிலிருந்து எந்தப் பாகமும் விரலின் விசைக்கு வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு, டார்ச் விளக்கோடு அதைச் சுற்றிலும் பார்ப்பேன்.

ஒட்டும் வேலையில் இரண்டு வகைப் பிளாஸ்டிக்குகளும் இரண்டு சாதி. முறிந்த அந்தத் தூண் ஏபிஎஸ். குஜிரியில் வாங்கி வந்தவற்றோடு ஓர் உடைந்த ஏபிஎஸ் கிண்ணமும் வந்திருந்தது. அதைச் சுண்டைக்காய் அளவில் நறுக்கி, கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டேன். காலையில் தேன் பதத்துக்கு வந்திருந்தது. தூணை அதன் இடத்தில் நிறுத்தி, இந்தக் குழம்பைத் தூரிகையால் அடித்தளத்தைச் சுற்றித் தடவி, அதன்மேல் மெல்லிய பருத்தித் துணித் துண்டை வைத்து மறுபடியும் தடவினேன். இரண்டு நாள் காய்ந்த பிறகு அது ஒட்டிய பாகமாகத் தோன்றவில்லை, வார்த்த பாகமாகவே இருந்தது. அசிட்டோன் இரண்டு மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடுகிறது. காற்றோட்டமான மொட்டைமாடியில், அடுப்போ பூஜை விளக்கோ அருகில் இல்லாத இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். அதன் ஆவி சட்டென்று தீப்பற்றும். வெளியே தெரியும் பக்கத்தில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. பட்டால் காரின் உள்ளே இருக்கும் அந்தச் சொரசொரப்பு வடிவம் அழிந்துவிடும்.

பிபி அசிட்டோனுக்கும் மசியாது, பெட்டிக்கடையில் கிடைக்கும் உடனடிப் பசைக்கும் மசியாது. காய்ந்த பசை வாழையிலையில் விழுந்த தண்ணீர் போலப் பிடிப்பில்லாமல் உரிந்து வந்துவிடும். அதை உருக்கித்தான் இணைக்க வேண்டும். பில்லர் கவரின் விரிசலை முன்பக்கத்தில் டேப் போட்டு நேராகச் சேர்த்துக்கொண்டு, பின்பக்கத்தில் சாலிடரிங் அயர்னால் விரிசல் நெடுகிலும் ஒரு வாய்க்கால் போல உருக்கினேன். பழைய டீ வடிகட்டியின் எவர்சில்வர் வலையை விரல் அகலத்துக்கு வெட்டி, அயர்னால் அழுத்தி அந்த வாய்க்காலுக்குள் புதைத்தேன். வெள்ளைக் கோடு விழுந்ததென்று சொன்ன அந்த இரண்டு கவர்களிலிருந்து மெல்லிய பட்டைகளைச் சீவி, அதன்மேல் உருக்கி நிரப்பினேன். பிபி 160 டிகிரிக்குச் சற்று மேலே உருகுவது. அயர்னை அதற்கு மேல் அளவின்றிச் சூடாக்கினால் மஞ்சளாகிப் புகையும். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. முன்பக்கத்தில் விரிசல் இன்னும் மயிரிழையாகத் தெரிகிறது. அதை மறைக்க நான் முயலவில்லை. பிபியின் மேல் பெயின்ட் நிற்க அதற்கென்றே ஒரு ப்ரைமர் வேண்டும், அதோடு பல ஆண்டுகளாகத் தடவிய டேஷ்போர்டு பாலிஷின் சிலிகான் பிளாஸ்டிக்கில் ஊறியிருந்தால் ப்ரைமரும் பிடிக்காது. ஓட்டுநர் பக்கத்துக்குப் பேஸ்மென்ட் வண்டியின் கவரைப் போட்டுவிட்டு, ஒட்டிய இந்தக் கவரை உபரியாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

கதவு பேடைக் கழற்றியபோதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். பேடுக்கும் கதவின் இரும்புக்கும் நடுவே ஒரு பாலிதீன் தாள் ஒட்டியிருக்க வேண்டும். மழையில் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் கதவின் உள்ளேதான் ஓடி, அடியிலிருக்கும் துளைகள் வழியாக வெளியேறுகிறது. அந்தத் தண்ணீர் பேடின் பின்னாலிருக்கும் அட்டையில் படாமல் காப்பது இந்தத் தாள்தான். எங்கள் வண்டியில் முன்பு எப்போதோ யாரோ அதைப் பாதி கிழித்துவிட்டு அப்படியே மூடியிருந்தார்கள். அட்டையின் கீழ்ப்பகுதி ஊறி உப்பி, கிளிப் மாட்டும் துளைகள் எல்லாம் விரிந்துபோயிருந்தன. பெங்களூரின் மாலை மழைகளை இத்தனை ஆண்டுகள் அந்த அட்டை குடித்திருக்கிறது. கதவு பேட் ஆடுகிறது, தடதடக்கிறது என்று நாங்கள் கிளிப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கெட்டியான பாலிதீனை வெட்டி, பியூட்டைல் என்ற பிசுபிசுப்பான ரப்பர் டேப்பால் சுற்றிலும் ஒட்டி, தாளின் கீழ்விளிம்பைக் கதவின் உள்ளே போகும்படி மடித்துவிட்டேன். கீழ்விளிம்பு வெளியே தொங்கினால் தண்ணீர் தாளின் வழியே இறங்கி நேரே பேடுக்குத்தான் வரும்.

புதுக் கிளிப்புகள் நைலானால் ஆனவை. நைலான் ஈரம் குடித்தால் இளகும், வறண்டால் விறைக்கும். பாக்கெட்டில் பல ஆண்டுகள் காய்ந்து கிடந்த கிளிப்பை அப்படியே அழுத்தியபோது முதல் இரண்டும் கழுத்தில் முறிந்தன. மற்றவற்றை ஒரு மணி நேரம் வெந்நீரில் போட்டு வைத்த பிறகு ஒன்றும் முறியவில்லை. நடுபில்லர் கவரை மாட்ட சீட் பெல்ட்டின் போல்ட்டைக் கழற்றியிருந்தேன். அதைத் திரும்ப முறுக்குவதை மட்டும் நானே முடித்துக்கொள்ளாமல், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து, குறித்த அளவுக்கு முறுக்க வைத்தேன். கவர் உடைந்தால் கவர்தான் போகும். அந்த போல்ட் உயிரைப் பிடித்திருப்பது. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசும் இடங்களில் எல்லாம் ஒயரிங்குக்குச் சுற்றும் கறுப்புத் துணி டேப்பைச் சிறு துண்டுகளாக ஒட்டியிருக்கிறேன்.

ஏசி காற்று வரும் ஜன்னலின் ஒரு சிறு நாக்கு எங்குமே கிடைக்கவில்லை. 3டி பிரின்ட் செய்து தரும் ஓர் இடத்தில் அளவு கொடுத்தேன். முதல் முறை பிஎல்ஏ என்ற மலிவான பிளாஸ்டிக்கில் செய்து வாங்கியது என் தவறு. அது 60 டிகிரிக்கே இளகத் தொடங்கும். ஏப்ரல் வெயிலில் இரண்டாம் நாளே நாக்கு தொங்கிவிட்டது. அடுத்து ஏஎஸ்ஏ என்பதில் செய்யச் சொன்னேன். அது ஏபிஎஸ்ஸின் உறவு, ஆனால் வெயிலில் சீக்கிரம் சாகும் அந்த ரப்பருக்குப் பதிலாக வெளிச்சம் தாங்கும் வேறு ரப்பரைக் கொண்டது. ஒரு கோடை முழுவதும் கடந்தும் அது அப்படியே இருக்கிறது.

டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டருக்கு மேலே ஒரு விரல் நீள விரிசல் இருக்கிறது. டேஷ்போர்டைக் கழற்றும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை, இப்போதைக்கு முன்கண்ணாடியில் வெள்ளித் தாள் மறைப்பு போட்டு வைக்கிறேன். வண்டியையும் இப்போது வாரம் ஒரு முறை திருப்பி நிறுத்துகிறேன். ஒரு வாரம் தெற்குப் பார்த்து, மறு வாரம் வடக்குப் பார்த்து. சென்ற வாரம் அப்பா பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு மறுபடியும் திறந்து ஒரு முறை சாத்திப் பார்த்தார். “சத்தம் மாறியிருக்கு” என்றார்.

இடப்பக்கத்துப் பின்கதவு மட்டும் பாக்கி. கிளிப்பும் பாலிதீன் தாளும் வாங்கி வைத்தாயிற்று. ஆனால் இப்போது மார்கழி. பத்து மணிக்கும் வண்டியின் உள்ளே பிளாஸ்டிக் சில்லென்று இருக்கிறது. பிப்ரவரி பாதியில் வெயில் ஏறட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.